யாருடைய வலது

எங்கள் ஊர் ஹோர்காவில் பல் டாக்டர் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக இருந்தவர் தொழிலை மூட்டை கட்டிவிட்டு அரிசோனா வெயிலுக்குக் குடிபோனார். அவருடைய கிளினிக்கில் இப்போது பழைய நாற்காலிகளும் மேஜை விளக்குகளும் விற்கிறார்கள். பல்லில் வலி வந்தால் நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு சோளக்காடுகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஓட்டி, ஃபேர்லியில் இருக்கிற டாக்டர் மார்சியா ஸ்வோபோடாவிடம் போய் வாயைத் திறக்க வேண்டும். போகிற வழியிலேயே பாதிப் பேருக்கு வலி குறைந்துவிட்டதாகத் தோன்றும், திரும்பி வந்துவிடுவார்கள். நெப்ராஸ்காக்காரர்கள் சூறாவளிக்கு அஞ்ச மாட்டார்கள், ஆலங்கட்டி மழைக்கு அஞ்ச மாட்டார்கள். பல் டாக்டரின் நாற்காலி வேறு விஷயம்.

இப்படிப்பட்ட ஊரில், வோண்ட்ரா வீட்டுப் பெண் டெஸ்ஸா பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று சேதி பரவினால் என்ன ஆகும்? ஊர் அவளை அன்றைக்கே டாக்டர் ஆக்கிவிட்டது. உண்மையில் அவள் பல் மருத்துவக் கல்லூரியின் வாசலைக்கூட இன்னும் மிதிக்கவில்லை. லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டப்படிப்பு, மூன்றாவது வருஷம் முடிகிற நேரம். முதலில் பட்டம், அதற்குப் பிறகுதான் பல். ஆனால் பட்டத்துக்குப் படிக்கும்போதே பல்லுக்கும் தயாராக வேண்டும். கரிம வேதியியலில் நல்ல மதிப்பெண் வேண்டும், பெரிய நுழைவுத் தேர்வு ஒன்று எழுத வேண்டும், ஒரு பல் டாக்டர் பக்கத்தில் நாள் கணக்கில் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஜூன் மாதம் பிறந்ததும் மனுப் போட வேண்டும். இதையெல்லாம் அவள் எங்கள் ஆட்களுக்கு விளக்கிப் பார்த்தாள். யார் காதில் விழுந்தது?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் சர்ச் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு நடக்கும். அங்கே அவள் தட்டோடு உட்கார்ந்தால் போதும், கிழவர் மைலோ குபிக் எதிரே வந்து உட்கார்ந்து, கீழ் உதட்டை விரலால் இழுத்துக் காட்டுவார்.

"இத புடுங்கணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?"

"மைலோ மாமா, நான் இன்னும் டாக்டர் இல்ல."

"நான் டாக்டரக் கேக்கல. உன்னத்தான கேக்கறேன்."

அவளும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். அதுதான் டெஸ்ஸா. கண் முன்னால் ஒரு பல் தெரிந்தால் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவதைப் பற்றி அவளுக்கும் கவலையில்லை, மைலோவுக்கும் கவலையில்லை.

லிங்கனிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்தாளானால் சமையலறை மேஜை அவளுடையது. மெழுகுக் கட்டியை வைத்துக்கொண்டு சின்னக் கத்தியால் பல் செதுக்குவாள். கைக்குப் பழக்கம் வேண்டுமாம். அவள் செதுக்கிய கடைவாய்ப்பல்லைப் பார்த்தால் யாரோ வலி தாங்காமல் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது போலவே இருக்கும், அவ்வளவு நேர்த்தி. அவளுடைய அம்மா ஜோலீன் ஒரு நாள் வெண்ணெய்க் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்று அப்பாவின் வண்டியில் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்து, வெயிலில் உருகிக் காப்பிக் கறை போல் படிந்துவிட்டது. ஜோலீன் சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. விட்டுவிட்டார்.

நுழைவுத் தேர்வு வேறு ஒரு கூத்து. நாலு கோணங்களை வரைந்து காட்டி எது சிறியது என்று கேட்பார்கள். தாளை மடித்து ஓட்டை போட்டுக் காட்டி, பிரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று கேட்பார்கள். இதற்காக அவள் எதைக் கண்டாலும் கோணம் பார்க்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தலையை அண்ணாந்து சர்ச் கூரையின் உத்தரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாமியார் ஜோலீனைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் கன்னியர் மடத்தில் சேரும் எண்ணம் ஏதும் உண்டா என்று பக்குவமாக விசாரித்தாராம். ஜோலீன் சிரித்த சிரிப்பில் சாமியாருக்கே சங்கடமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் டாக்டர் ஸ்வோபோடாவின் கிளினிக்கில் போய் நிற்பாள். பார்க்கத்தான் அனுமதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், நோயாளியின் வாய்க்குள் விரல் வைக்கக் கூடாது, கருவி எடுக்கக் கூடாது. பட்டம் வாங்குவதற்கு முன்பே வாயில் கை வைக்கிற பிள்ளைகளைப் பல் கல்லூரிக்காரர்களுக்குப் பிடிக்காது என்று பல்கலைக்கழகத்திலும் சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே டாக்டர் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான். இங்கே வலது என்றால் நம்முடைய வலது இல்லை, நாற்காலியில் படுத்திருக்கிறவருடைய வலது. பற்களுக்கு எண் போடுவதும் அவருடைய மேல்வாயின் வலது கோடியிலிருந்துதான். நாம் எதிரே நின்று பார்க்கிறோம் என்பதால் உலகம் நம் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை.

டெஸ்ஸா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. இதையும் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் எதிரே இருக்கிறவரிடம் "உப்பு உங்க வலது பக்கம்" என்பாள். அறைத் தோழியின் பல்லில் கீரை ஒட்டியிருந்தால் "உன் இடது பக்கம், மேல" என்பாள். முதலில் யோசித்து மாற்றிச் சொன்னாள். போகப் போக யோசிக்காமலே வந்தது. எதிரே ஒரு முகம் இருந்தால் அந்த முகத்தின் வலதுதான் வலது. தன்னுடைய வலதை அவள் ஏறக்குறைய மறந்தே போனாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

இவ்வளவும் கைகூடிய பெண்ணுக்கு ஒன்று மட்டும் கைகூடவில்லை, அதுவும் கைதான். ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரே விதியைக் கொஞ்சம் தளர்த்தி அவளைக் கிட்டே கூப்பிட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற அம்மாள், அவரும் தலையாட்டினார். டெஸ்ஸா குழாயை வாங்கினாள். மெழுகில் மயிரிழை பிசகாமல் கோடு இழுக்கிற அந்தக் கை, வெதுவெதுப்பான ஒரு வாயின் பக்கத்தில் போனதும் நடுங்க ஆரம்பித்தது. குழாய் அந்த அம்மாளின் பல்லில் பட்டு டகடகவென்று சத்தம் போட்டது. அம்மாள் கண்ணை உருட்டி அவளைப் பார்த்தார். டாக்டர் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு கை கழுவுகிற இடத்தில், முதலில் எல்லாருக்கும் இப்படித்தான், பழகிவிடும் என்றார். டெஸ்ஸா அதை நம்பவில்லை. பழகிவிடும் என்பது எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. தன் கை மெழுகுக்கு ஏற்ற கை, மனுஷருக்கு ஏற்ற கை இல்லை என்று மனதுக்குள் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு மனுப் போடுவது பொய் சொல்வதுபோல அவளுக்குப் பட்டது. மே மாதம் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது ஒரு முடிவோடுதான் வந்தாள். மனுப் போடப் போவதில்லை. முதலில் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், அம்மாவிடம் அப்பா சொல்லிக்கொள்வார். ஊருக்கு எப்படிச் சொல்வது, மைலோ மாமாவுக்கு என்ன பதில் என்பதையெல்லாம் அவள் யோசிக்கக்கூட இல்லை. கன்றுகளை ஏற்றி அனுப்புகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் சொல்வதென்று நாள் குறித்துக்கொண்டாள்.

அப்பா லீலண்ட் வோண்ட்ராவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அவரைப்போல் மாடு வளர்க்கத் தெரிந்தவர் குறைவு, அவரைப்போல் பேச்சில் சிக்கனம் உள்ளவரும் குறைவு. வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. இடது கன்னத்தில் ஒரு பிடி அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் தோலைத் துப்பிக்கொண்டே பேசுவார். என்ன சொல்கிறார் என்பது வீட்டாருக்கும் மாடுகளுக்கும் மட்டும் விளங்கும். சிரித்தால் உதடு பிரியாது. பெண் பல் டாக்டர் ஆகப் போகிறாள் என்று விதைக் கடையிலும் டீசல் போடுகிற இடத்திலும் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷர், தன் வாயை மட்டும் எந்த டாக்டருக்கும் காட்டியதில்லை. ஜோலீன் அவருக்காக டாக்டர் ஸ்வோபோடாவிடம் நேரம் வாங்குவார். சரியாக அந்த நாளில் ஏதாவது ஒரு பசுவுக்குப் பிரசவ வலி எடுத்துவிடும். பசுக்களோடு அவர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறாரோ என்று ஜோலீனுக்குச் சந்தேகம். பெண் கேட்டபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. "மாட்டுக்குப் பல்லு பாரு, கத்துக்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். வலிக்கிற நாட்களில் வேலி கட்டப் போய்விடுவார் என்பது ஜோலீனுக்குத் தெரியும். அந்த வருஷம் வோண்ட்ரா வீட்டு வேலி எல்லாம் புத்தம் புதிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை, கன்றுகளைத் தொழுவத்தின் பக்கத்துப் பட்டியில் அடைத்து வைத்தாயிற்று. வண்டியில் பூட்டிய மாட்டு டிரெய்லரைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து, ஏற்றுகிற வாசலுக்கு நேராக நிறுத்த வேண்டும். வாசலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்கள். லீலண்ட் வண்டியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். டெஸ்ஸா வாசலருகே நின்று வலது, இடது என்று குரல் கொடுப்பாள். கேட்டின் மேல் ஏறி நின்றால்தான் அப்பாவின் முகம் தெரியும் என்கிற வயசிலிருந்து அவள் செய்கிற வேலை இது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் கையைப் பார்த்துத்தான் வலது, இடது சொல்வாள். லீலண்ட் அவளைத் திருத்தவில்லை. எதிரே நிற்கிற பிள்ளையின் கையைக் கணக்கு வைத்து அவரே ஓட்டக் கற்றுக்கொண்டார். அது அவருக்குள் ஊறிப்போயிருந்தது. பெண் வலது என்றால் பெண்ணின் வலது, அதற்கு மேல் யோசனை கிடையாது. இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே டெஸ்ஸாவுக்குத் தெரியாது.

டிரெய்லரின் வால் கொஞ்சம் ஒரு பக்கமாக விலகி வந்தது. டெஸ்ஸா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அப்பாவின் முகம். "வலது, வலது" என்று கத்தினாள், அந்த முகத்தின் வலதை. லீலண்ட் தன் பெண்ணின் வலதுக்குத் திருப்பினார். டிரெய்லர் இன்னும் விலகியது. "வலதுப்பா, நல்லா வலது" என்றாள் அவள். அவரும் நல்லா வலதாகவே திருப்பி, வேகத்தையும் கொஞ்சம் கூட்டினார். அப்பா அவள் பக்கத்திலிருந்து பார்த்தார், அவள் அப்பா பக்கத்திலிருந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததில் இரும்புக் கம்பம்தான் இடிபட்டது.

டிரெய்லர் மோதிய வேகத்தில் வண்டி தூக்கிப் போட்டது. வெளியே நீட்டியிருந்த லீலண்டின் முகம் ஜன்னலின் பின்பக்க இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. டெஸ்ஸா ஓடினாள். அவர் கதவைத் திறந்து இறங்கி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கில் ரத்தம். கையை எடுத்தபோது மேல் வரிசையில் முன்னால் ஒரு பல் இருந்த இடம் காலியாக இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், டெஸ்ஸாவின் வாயில் முதலில் வந்தது "அப்பா" இல்லை.

"எட்டு," என்றாள். "எட்டாம் நம்பர் போச்சு."

லீலண்ட் திரும்பிப் பட்டியில் இருந்த கன்றுகளை எண்ணத் தொடங்கிவிட்டார், எட்டாவது கன்றுதான் ஓடிவிட்டதென்று.

அவள் வண்டிக்கு அடியில் மண்டியிட்டு வைக்கோலைக் கிளறினாள். பல் கிடைத்தது. வேரைத் தொடாமல், கடிக்கிற பக்கத்தைப் பிடித்து எடுத்தாள். முழுசாக இருந்தது. உடையவில்லை. ஜோலீன் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பால் கொண்டு வா என்று டெஸ்ஸா கத்தியதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பி ஓடினார். ஒரு கிண்ணத்தில் பால் வந்தது. டெஸ்ஸா பல்லை அதில் போட்டு மெதுவாக அலசினாள், ஒரு கையால் டாக்டர் ஸ்வோபோடாவுக்குப் போன் போட்டாள்.

டாக்டர் தன் அண்ணன் மகளின் பள்ளி இறுதி விருந்தில் இருந்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். ஃபேர்லிக்குத் திரும்பவே நேரமாகும் என்றார். பல் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்குப் பிழைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்தானே என்றார்.

"அதனால நீயே வச்சிரு."

"நானா? வாய்க்குள்ள கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, டாக்டர்."

"டெஸ்ஸா, பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியார்கூட இதச் செய்றார். இது வைத்தியம் இல்ல, முதலுதவி. நேராத் தள்ளு, துணியக் கடிச்சுக்கச் சொல்லு, வண்டில ஏத்திட்டு வா. நான் கிளினிக்குக்கு வந்துர்றேன்."

போன் அணைந்தது. லீலண்ட் போன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிரெய்லரின் படியில் உட்கார்ந்து, பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடு, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன், மற்றது எல்லாம் இருக்கிறதே என்றார். ரத்தமும் சூரியகாந்தி விதையுமாக அவர் சொன்னது டெஸ்ஸாவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. ஜோலீன் சாம, பேத, தான, தண்டம் எல்லாம் ஒரே மூச்சில் பிரயோகித்துப் பார்த்தார். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தொழுவத்தையே பார்த்தார்.

டெஸ்ஸா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள். பாலிலிருந்து பல்லை எடுத்தாள். அவ்வளவுதான், கை ஆட ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலில் ஆடியதைவிட மோசம். நகங்களுக்கு நடுவே அந்தப் பல் கிடுகிடுவென்று துள்ளியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. அவளுக்கு அவமானத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதோ, இதுதான் என் கை, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

லீலண்ட் தொழுவத்திலிருந்து பார்வையைத் திருப்பினார். அந்தக் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி, கன்னத்தில் அடக்கியிருந்த விதையை எல்லாம் தரையில் துப்பினார். கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தார்.

இருபத்தோரு வருஷத்தில் டெஸ்ஸா தன் அப்பாவின் வாய்க்குள் பார்த்தது அதுவே முதல் தடவை. இடது பக்கம் கீழே, கடைவாயில், ஒன்றுமே இல்லை. ஈறு வழவழவென்று கிடந்தது, என்றோ ஆறிப்போன வெற்றிடம். அவர் விதையை ஏன் எப்போதும் இடது கன்னத்தில் அடக்குகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே மெல்லுவதற்கு எதுவும் இல்லை. கொலாச் ரொட்டியை அவர் காப்பியில் ஊற வைத்துத் தின்பதை ருசிக்காக என்று நினைத்திருந்தாள். இறைச்சியைப் பொடிப்பொடியாக வெட்டுவதைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்திருக்கிறாள். மைலோவிலிருந்து ஊரார் பல்லையெல்லாம் பார்த்தவள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் மேல் அதுவரை இல்லாத அளவுக்குப் பிரியம் வந்தது.

கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆடுகிற கையாலேயே பல்லைக் கொண்டுபோனாள். முதல் தடவை பக்கத்துப் பல்லில் தட்டியது. இரண்டாவது தடவை வழி கிடைத்தது. மெதுவாக, நேராக, அழுத்தினாள். லீலண்டின் கால் தரையைத் தேய்த்தது, தலை அசையவில்லை. பல் உள்ளே இறங்கிப் போய் நின்றதை அவள் விரல் உணர்ந்தது. அவரே தன் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தார். அவள் அதை அவர் வாயில் வைத்தாள், அவர் கடித்துக்கொண்டார். ஜோலீன் சிலுவை போட்டுக்கொண்டு, மிச்சம் இருந்த பாலைப் பூனைக்கு ஊற்றினார்.

கன்றுகளையும் ஜோலீனையும் விட்டுவிட்டு இருவரும் ஃபேர்லிக்குப் போனார்கள். டாக்டர் ஸ்வோபோடா விருந்துக்கு உடுத்திய பூப்போட்ட கவுனின் மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். லீலண்டைக் கண்டதும், வாருமய்யா, பசு எல்லாம் சௌக்கியமா என்று கேட்டார். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பியால் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். பிழைக்கும் என்று நம்புகிறேன், நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்றார். அதோடு, மற்ற இடங்களையும் பார்த்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். லீலண்ட் தலையாட்டினார். கை பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது டெஸ்ஸா ஓட்டினாள். சாலையின் இருபுறமும் முளைவிட்ட சோளம். நாள் குறித்து வைத்த பேச்சை அவள் அப்போது எடுத்தாள். மனுப் போடப் போவதில்லை என்று சொன்னாள். ஏப்ரலில் நடந்ததைச் சொன்னாள், அந்தப் பேருந்து அம்மாளின் கண்ணைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது.

"இன்னிக்கு நீயே பாத்தல்லப்பா. எப்படி ஆடுச்சு பாரு. இந்தக் கைய வச்சுக்கிட்டு யார் வாயில நான் போய் வேலை பாக்கறது?"

லீலண்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துப்போன உதட்டோடு பேச்சு குழறியது. ஆனாலும் பேசினார், வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார்.

"எனக்குப் பன்னண்டு வயசு. எங்கப்பா பக்கத்து ஊர்ல ஒரு ஆள்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஊசியப் போட்டான், மரத்துப்போற வரைக்கும் நிக்கல. ஒரே மூச்சுல மூணு பல்லு. நான் அலறுனேன். கால உதைச்சேன். அந்த ஆளு கை துளிகூட அசையல, கண்ணு. நம்ம பட்டி வாசல் இரும்புக் கம்பம் மாதிரி இருந்துச்சு."

அவர் நிறுத்தி உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் நான் யாருக்கும் வாயத் தெறக்கல. இன்னிக்கும் தெறந்திருக்க மாட்டேன். உன் கை நடுங்குச்சு. சரி, எனக்கு வலிக்கும்னு இந்தக் கைக்குத் தெரியுதுன்னு நெனச்சேன். அதான் தெறந்தேன்."

டெஸ்ஸாவுக்குச் சாலை தெரியவில்லை. வண்டியை ஓரமாக, புல் மேல் ஏற்றி நிறுத்தினாள். அப்பாவின் தோளில், ரத்தக் கறை படிந்த சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். அந்தப் பன்னிரண்டு வயசுப் பையனுக்காகவும் அழுதாள், தனக்காகவும் அழுதாள். அழுகிற பெண்ணை எப்படித் தேற்றுவது என்று லீலண்டுக்குத் தெரியாது. முதுகில், கன்றைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மனுப் போடு," என்றார்.

"போடறேன்ப்பா."

நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையாலேயே சாவியைத் திருப்பினாள்.